துண்டுக்குள் பேசிய விலை

மரியே வாழ்க

ஆவூர்,
09.06.2025

கறம்பக்குடியில் டிபன் கடை நடத்தும் ராஜலட்சுமி அம்மா அவர்களுக்கு,

ஆவூர் சவரிநாதன் எழுதுவது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, அந்த வீட்டுக்காரன். கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இப்போது இல்லை.

என் மனைவியிடம் அன்றைக்கு நீங்கள் கொடுத்த நம்பருக்கு அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதாக என் மகள் பிளெஸ்ஸி சொல்கிறாள். அவள் போனிலிருந்து அடித்தேன். என் குரல் கேட்டதும் அதையும் பிளாக் செய்துவிட்டீர்கள். கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை என்று என் மனைவி அமலராணியிடம் அன்றைக்குச் சொன்னீர்களாம். அந்த ஒரு அடையாளத்தை நம்பி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். தபாலை நீங்கள் பிளாக் செய்ய முடியாது.

பூசை முடிந்து சனம் திரும்புகிற நேரம் பார்த்து, எங்கள் வாசலில் நின்று என்னைத் திருடன் என்று கத்தினீர்கள். "நீயும் ஒன் மச்சானும் நல்லா இருப்பீங்களா" என்று கேட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி வீசினீர்கள். எனக்கு மச்சானே கிடையாது. அமலராணி அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மாடு ஏற்ற நீங்கள் கொண்டுவந்த வண்டியின் டிரைவர் உங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். ஊரே என் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். இப்போது வால்வைத் திறக்கப் போனால் குடத்தோடு நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபம் சொல்கிற அன்பியத்தில் காணிக்கைப் பணம் என்னிடம்தான் இருக்கும். "கொஞ்ச நாளைக்கு வேற யாராச்சும் வச்சிருக்கட்டுமேண்ணே" என்று நைசாக வாங்கிக்கொண்டார்கள்.

அதோடு விட்டதா. வங்கிக்குப் போனால் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்கிறார்கள். "மோசடிப் பணம் ரெண்டாயிரம் ஒங்க கணக்குக்கு வந்திருக்குன்னு புகாருங்க. சைபர் கிரைம்ல இருந்து சொன்னாத்தான் நாங்க திறக்க முடியும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் சம்பளம், பால் சொசைட்டிப் பணம், பிளெஸ்ஸியின் நர்சிங் படிப்புக்கு இரண்டாம் வருடம் கட்ட வேண்டிய பணம், எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. ஜூலை பதினைந்துக்குள் கட்டாவிட்டால் அவள் வகுப்பில் உட்கார முடியாது.

புதுக்கோட்டை சைபர் கிரைம் ஆபீசுக்குப் போய், இந்த ஆள் என்னை ஏமாற்றவில்லை என்று எழுதிக் கொடுங்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மாடு என் கொட்டிலில்தான் நிற்கிறது. நீங்கள் போட்ட பணம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
சவரிநாதன்

—

கறம்பக்குடி,
16.06.2025

சவரிநாதன் என்பவருக்கு,

ரிஜிஸ்டர் தபால் வந்ததும் கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த உபகாரத்துக்கு நன்றி.

உங்களுக்கு மச்சான் இல்லையாம். அப்படியென்றால் என்னிடம் பேசினவன் யார்? வாங்கி விற்கிற அந்த ஆப்பில் மாட்டின் படம் பார்த்தேன். செவலை மாடு, பின்னால் நீலக் கதவு, கதவுக்கு மேலே மாதா படம். இரண்டாம் ஈத்து, முப்பத்தெட்டாயிரம் என்று போட்டிருந்தது. போன் அடித்தேன். "நான் சவரிநாதனோட மச்சானுங்க. அவருக்குப் போன்ல வெவரம் பத்தாது, எல்லாம் நாந்தான் பாக்குறேன்" என்றான். மறுநாளே மாடு வேறு கைக்குப் போய்விடும் என்று சொல்லி மூவாயிரம் முன்பணம் வாங்கினான்.

என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டைப் பார்க்காமல் மிச்சம் போட மாட்டேன் என்று கறாராகச் சொன்னேன். அவனும், "நல்லா நேர்ல போய்ப் பாருங்க. புடிச்சிருந்தா அங்கயே நின்னு போட்டுவிடுங்க. ஆனா வெலையைப் பத்தி மட்டும் அவருகிட்ட வாயத் தொறக்காதீங்க. பங்காளிகளுக்குள்ள பாகம் பிரிக்கிற விவகாரம் ஓடுது" என்றான். அதனால்தான் வண்டி பிடித்துக்கொண்டு ஆவூர் வரை வந்தேன். அவன் சொன்ன வழியில் அவன் சொன்ன வீடு இருந்தது. கதவு நீலமாகவே இருந்தது. மாதா படம் இருந்தது. மாட்டின் மடியைத் தொட்டுப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன். உங்கள் மனைவி எனக்கு மோர் கொடுத்தார். இதற்குமேல் ஒரு மனுஷி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

உங்கள் கண்முன்னால் நின்றுதான் முப்பத்தைந்தாயிரத்தைப் போனில் போட்டேன். நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றீர்கள். போட்டு முடித்துவிட்டுக் கயிற்றைக் கேட்டால், "பணம் இன்னும் வரலையேம்மா" என்கிறீர்கள். அவனுக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மண்ணை மட்டுமா வீசியிருப்பார்கள்?

பணம் போடும்போது வேறு ஏதோ ஒரு பேர் வந்தது. வடக்கத்திப் பேர். அதையும் அப்போதே கேட்டேன். "அது மாட்டு லோன் கணக்குங்க, ஆபீசர் பேரு வரும்" என்றான். நம்பினேன். இதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அது மகளிர் குழுவில் வாங்கின கடன். கடைக்குச் சொந்தப் பால் இருந்தால் நாலு காசு மிஞ்சும் என்று என்னை நம்பிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அய்யப்பன் கத்தாரில் இருக்கிறார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. உங்கள் மகள் படிப்புக்கு நான் என்ன செய்ய முடியும்? புகாரை மாற்ற மாட்டேன். இனிமேல் எழுதுவதானால் சாதாரணத் தபாலில் எழுதுங்கள்.

ராஜலட்சுமி

—

மரியே வாழ்க

ஆவூர்,
23.06.2025

ராஜலட்சுமி அம்மா அவர்களுக்கு,

முப்பத்தெட்டா?

உங்கள் கடிதத்தில் அந்த இடத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தேன். அமலராணியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அம்மா, நான் அந்த ஆப்பில் போட்ட விலை ஐம்பத்தைந்தாயிரம். பிளெஸ்ஸிதான் போட்டுக் கொடுத்தாள். நிறைசினை மாட்டை முப்பத்தெட்டுக்கு யாராவது கொடுப்பார்களா? மாட்டைப் பார்த்த பிறகாவது உங்களுக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா?

இதைக் கேட்க எனக்கும் யோக்கியதை இல்லை. என் கதையைக் கேளுங்கள். எனக்கு ஒருவன் போன் செய்தான். பேர் ரெங்கசாமி, பட்டுக்கோட்டைப் பக்கம் பால் பண்ணை வைத்திருக்கிறேன் என்றான். ஐம்பத்தைந்து என்றேன். சரி என்றான். ஒரு பேச்சுக்குக்கூட ஐந்நூறு குறைக்கச் சொல்லவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அட்வான்ஸ் என்று இரண்டாயிரம் போட்டான். மாட்டை இன்னும் நாலு படம் எடுத்து அனுப்பச் சொன்னான், வீட்டுக்கு வழி கேட்டான். எல்லாம் பிளெஸ்ஸியை விட்டு அனுப்பினேன். பிறகு சொன்னான்: "மாடு என் தங்கச்சிக்கு சீரு. அவதான் பாக்க வருவா. வெல தெரிஞ்சா வேணாம்னு மொரண்டு புடிப்பாண்ணே. நீங்க வெலையைப் பத்தி மூச்சு விட்டுறாதீங்க. அவ பாத்து சரின்னதும் மிச்சத்தை அனுப்பிடுறேன்."

அதனால்தான் நீங்கள் போனை அமுக்கிக்கொண்டு நின்றபோது, மாடு பிடித்திருக்கிறது என்று உங்கள் அண்ணனுக்குத் தகவல் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எல்லாம் பேசியாச்சுல்ல?" என்று உங்களைக் கேட்டேன். "பேசியாச்சுங்க" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். நான் பேசியது அவனிடம், நீங்கள் பேசியதும் அவனிடம். நாம் இரண்டு பேரும் நின்று பேசியது வெயிலைப் பற்றி.

பிளெஸ்ஸி சொல்கிறாள், நம் படங்களையே எடுத்து, விலையைக் குறைத்து, வேறு பேரில் மறுபடியும் விளம்பரம் போட்டிருக்கிறான் என்று. தேடிப் பார்த்தாள். இப்போது அந்த விளம்பரம் இல்லை.

அந்த வாசலில் நீங்கள் முப்பத்தெட்டு என்றோ நான் ஐம்பத்தைந்து என்றோ ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பணமும் தப்பியிருக்கும், என் மானமும் தப்பியிருக்கும். இதையாவது போய்ச் சொல்லுங்கள். பதினைந்தாம் தேதி வந்துகொண்டே இருக்கிறது.

சவரிநாதன்

—

கறம்பக்குடி,
30.06.2025

ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கல்லில் ஊற்றிய தோசையை மறந்து உட்கார்ந்துவிட்டேன். கருகின வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நானும், நான் சொல்லியிருக்கலாம் என்று நீங்களும் இனிமேல் மாறி மாறி எழுதிக்கொண்டிருப்பதில் தபால்காரருக்குத்தான் லாபம். நான் ஏன் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாட்டுச் சந்தையில் யார் விலையை வாய்விட்டுச் சொல்கிறார்கள்? தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். உள்ளே விரலைப் பிடிப்பார். அங்கிட்டு ஒரு பிடி, இங்கிட்டு ஒரு பிடி. விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே நின்றாலும் ஒருத்தர் வாயிலும் தொகை வராது. வந்தால் தரகரை அவமதித்த மாதிரி. எங்கள் வீட்டில் மாடு வாங்கினதெல்லாம் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால்தான் விலையைப் பேசாதே என்று அவன் சொன்னது நம் இரண்டு பேருக்கும் உறுத்தவே இல்லை. நம் கைகளின்மேல் துண்டைப் போடுகிற மாதிரி போனைப் போட்டுவிட்டான். நாம் வாங்கி விற்றது ஒரு ஸ்கூட்டராக இருந்திருந்தால் முதல் வார்த்தையே எவ்வளவு என்றுதான் கேட்டிருப்பேன்.

சந்தைத் தரகரை நாளைக்கும் அதே சந்தையில் பிடிக்கலாம். அவர் வீடு தெரியும், பெண்டாட்டி பிள்ளை தெரியும். இவனுக்கு ஒரு நம்பரைத் தவிர என்ன இருந்தது? இதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

இவ்வளவு எழுதியும் உங்களை நான் முழுசாக நம்பிவிடவில்லை. என்னிடம் மூவாயிரம் முன்பணம் வாங்கினான். அதிலிருந்து உங்களுக்கு இரண்டாயிரம் போட்டிருக்கிறான். அது என் பணம்தான். ஆயிரத்தை அவன் அலைச்சலுக்கு எடுத்துக்கொண்டான் போல. நீங்கள் யோக்கியர் என்றால் அந்த இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு புதுக்கோட்டைக்குப் போவதைப் பற்றி யோசிக்கிறேன்.

ஆனால் போனில் போடாதீர்கள். லிங்க் அனுப்பாதீர்கள். கட்டம் கட்டமாக இருக்குமே க்யூஆர் கோடு, அதையும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். போன வாரம் ஒருவன், "ஒங்க பணம் ரீஃபண்ட் ஆயிருக்கு மேடம், பின் நம்பரைப் போட்டா வந்துரும்" என்றான். வாங்குறதுக்கு எதுக்குடா பின் நம்பர் என்று கேட்டேன். வைத்துவிட்டான். நான் ஏமாந்த செய்தி அவர்களுக்குள் ஊர் ஊராகப் போயிருக்கும் போலிருக்கிறது.

ராஜலட்சுமி

—

மரியே வாழ்க

ஆவூர்,
04.07.2025

ராஜலட்சுமி அம்மா அவர்களுக்கு,

நீங்கள் கேட்கிற அந்த இரண்டாயிரம் முடங்கிய கணக்குக்குள்தான் இருக்கிறது. அதை எடுக்க நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்க நான் அதை எடுத்துத் தர வேண்டும். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? அமலராணி போனிலிருந்து போடலாம் என்றால் போன் கூடாது என்கிறீர்கள். செக் கொடுக்கலாம் என்றால் கணக்கே இல்லை. நேரில் வந்து கொடுக்கலாம் என்றால், காலையும் மாலையும் மோட்டார் போட என்னைத் தவிர ஆளில்லை. அப்படியே வந்தாலும் உங்கள் கடை வாசலில் இன்னொரு பிடி மண் எனக்காக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

அமலராணி சீட்டுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்திருக்கிறேன். மோட்டார் போட்டுவிட்டு இன்றைக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கறம்பக்குடி பஸ் கண்டக்டர் ஒருவரிடம் விசாரித்தேன். உங்கள் கடையில்தான் டீ குடிப்பாராம். பேர் தமிழ்செல்வன். அவர் பஸ் நம்பரையும் குறித்துக்கொண்டேன். பணத்தை அவர் முன்னால் எண்ணிக் கவரில் போட்டு ஒட்டி, மேலே தொகையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஆளிடம் பணம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். அவர் உங்களுக்குத் தெரிந்தவர், எனக்குத் தெரியாதவர். இந்தத் தடவை பயப்பட வேண்டியது நான்தான்.

பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கொடுத்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சைபர் கிரைமில் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மாட்டை வேறு ஆளுக்கு விற்றுப் பணம் கட்டலாம் என்றும் பார்த்தேன். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். தெருமுனையிலேயே யாரோ அவரிடம், "அது கேஸ் மாடுங்க, நமக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வைக்கோல் தின்றுகொண்டு நிற்கிற வாயில்லா ஜீவன்மேல் கேஸ் என்று பேர் வந்துவிட்டது. பிளெஸ்ஸி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இந்த வருசம் படிப்பை நிறுத்திவிட்டு மெடிக்கல் ஷாப்பில் சேரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

சவரிநாதன்

—

கறம்பக்குடி,
09.07.2025

ஐயா,

ரூபாய் இரண்டாயிரம் பெற்றுக்கொண்டேன். கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்செல்வன் கவரைக் கல்லாவில் வைத்துவிட்டு, "அக்கா, எண்ணிப் பாத்துட்டு என்னைய விடுங்க. அந்த மனுசன் எம்பேரு, பஸ் நம்பரு, எங்கப்பா பேரு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாரு. விட்டா ரேஷன் கார்டையும் கேட்டுருப்பாரு" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. திருடனாக இருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டான் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நேற்றுக் கடையைச் சாத்திவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டு வந்தேன். ஒரு எஸ்.ஐ. அம்மா இருந்தார். நீங்கள் எழுதிய கடிதங்களைக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். "ரெண்டு பேரும் ஒரே வாசல்ல நின்னுருக்கீங்க. மாட்டுக்கு என்ன வெலைன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே இல்லையா?" என்றார். துண்டு விவகாரத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். சவரிநாதன் என்பவர் என்னை ஏமாற்றவில்லை, அவரும் என்னைப் போல ஏமாற்றப்பட்டவர், அவர் கணக்குக்கு வந்த தொகையை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். வங்கிக்குக் கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். பதினைந்தாம் தேதிக் கதையை இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்றைக்கே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடித்துப் புகார் சொன்னதால் என் பணத்தில் பதினாலாயிரத்தை எங்கேயோ ஒரு வங்கியில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். கோர்ட்டு மூலமாக வருமாம். எப்போது என்று கேட்கக் கூடாதாம். மிச்சத்தை அந்த வடக்கத்திப் பேர் ஆபீசர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அய்யப்பனிடமும் சொல்லிவிட்டேன். வீடியோவில் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "சரி, மாடு எப்புடி இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சு, அதாங்க வயித்தெரிச்சல்" என்றேன். அவர் கேட்டதற்காகக் கேட்கிறேன். மாடு இன்னும் இருக்கிறதா? இருந்தால் விலை என்ன? கடிதத்திலேயே எழுதுங்கள், எழுத்தாலும் எண்ணாலும்.

ராஜலட்சுமி

—

மரியே வாழ்க

ஆவூர்,
18.07.2025

தங்கச்சி ராஜலட்சுமிக்கு,

திங்கட்கிழமை வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள், கணக்கைத் திறந்துவிட்டோம் என்று. செவ்வாய் கடைசி நாள். பிளெஸ்ஸி கல்லூரிக் கவுன்ட்டரிலேயே போய்க் கட்டி, ரசீதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். படத்தை நம்பாமல், ரசீதைக் கையில் கொண்டுவா என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள். சாயந்திரம் கொண்டுவந்து காட்டினாள்.

உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ செய்த உபகாரத்தை மறக்க மாட்டேன். நீதான் புகாரும் கொடுத்தாய் என்பதையும் மறக்க முடியவில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருப்பதால் எந்தப் பக்கம் திரும்புவது என்று குழப்பமாக இருக்கிறது.

மாடு இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கன்று போட்டது. கிடாரி. தாயும் கன்றும் நலம். விலை ரூ. 55,000, எழுத்தால் ஐம்பத்தைந்தாயிரம். கன்றுக்குத் தனியாகச் சொல்லவில்லை.

நீ பட்ட நட்டம் எனக்குத் தெரியும். அமலராணியும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வண்டியை அனுப்பு. மாட்டையும் கன்றையும் ஏற்றிவிடுகிறோம். பணத்தைப் பால் விற்று முடிந்தபோது கொடு. கையெழுத்தெல்லாம் வேண்டாம். உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கணக்கு திறந்தாலும் ஊர் வாய் இன்னும் திறந்தபடியேதான் இருக்கிறது. வங்கிக்குக் கடிதம் கொடுத்த மாதிரி ஊருக்குக் கடிதம் கொடுக்க முடியுமா? அன்பியத்தில் காணிக்கைப் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அது போகட்டும்.

சவரிநாதன்

—

கறம்பக்குடி,
25.07.2025

அண்ணன் சவரிநாதன் அவர்களுக்கு,

முதலில் ஒரு விஷயம். என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள். அந்த வார்த்தையை அவன் எடுத்துப் புழங்கிவிட்டான். ராஜி என்று எழுதுங்கள், போதும்.

இரண்டாவது விஷயம், உங்களுக்கு ஏதாவது புத்தி இருக்கிறதா? இவ்வளவு பட்டு, கணக்கு முடங்கி, ஊரில் பேர் கெட்டு, பெற்ற பெண் படிப்பை விடுகிற நிலைமைக்கு வந்த பிறகு, வண்டியை அனுப்பு மாட்டை ஏற்றுகிறேன், பணம் முடிந்தபோது கொடு என்று எழுதுகிறீர்கள். கையெழுத்துகூட வேண்டாமாம். என்னை உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் வந்தேன், மோர் குடித்தேன், திட்டினேன், போனேன். மிச்சமெல்லாம் காகிதம். இப்படி இன்னொருத்தனிடம் எழுதியிருந்தால் இந்நேரம் மாடு கேரளாவில் இருக்கும். யாரிடமும் இப்படிச் சொல்லாதீர்கள். என்னிடமும் சொல்லாதீர்கள். படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது, அது வேறு. கோபம்தான் முதலில் வந்தது.

நான் சொல்கிறபடி செய்வோம். ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாரேன். தரகர், மச்சான், அண்ணன், தங்கச்சி, நடுவில் எந்த மனுசனும் வேண்டாம். அய்யப்பன் இருபத்தைந்தாயிரம் அனுப்பியிருக்கிறார். உங்கள் எதிரில் நின்று முதலில் ஒரு ரூபாய் போடுவேன். என் போனில் சவரிநாதன் என்று உங்கள் பேர் வர வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வேறு எந்த ஆபீசர் பேர் வந்தாலும் அப்படியே திரும்பிவிடுவேன். நீங்கள் வந்த மெசேஜைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது. பிளெஸ்ஸியை விட்டுக் கணக்கைத் திறந்து, ரூபாய் உள்ளே விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சம் போடுவேன். பாக்கி முப்பதாயிரமும் கட்டி முடிக்கிற வரைக்கும் மாடு உங்கள் கொட்டிலிலேயே நிற்கட்டும். பால் உங்களுக்கு, தீவனச் செலவும் உங்களுக்கு. கடைசி ரூபாய் வந்த அன்றைக்குக் கயிற்றைக் கொடுத்தால் போதும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். முகம் சுளிக்காதீர்கள். எனக்கும் இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது விஷயத்தை எப்படி எழுதுவதென்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கணக்கு திறந்தும் ஊர் வாய் மூடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திறந்துவிட்டவள் நான். உங்களை நான் தனியாகக் கூப்பிட்டுத் திட்டவில்லை. தெருவே நிற்க, மண்ணை அள்ளி வீசிவிட்டு வந்தேன். அதற்கு இப்படித் தபாலில் மன்னிப்புக் கேட்டால் யாருக்குத் தெரியும்?

அதனால் போன தடவை வந்த அதே நேரத்துக்குத்தான் வாரேன். பூசை முடிந்து சனம் வருகிற நேரம். இவர் திருடன் இல்லை என்று நடுத்தெருவில் நின்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் வாசலில் நின்று, மாடு என்ன விலைண்ணே என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்பேன். நீங்களும் அதே சத்தத்தில் விலையைச் சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் குறைத்துக் கேட்பேன். நீங்கள் முடியாது என்று கத்துங்கள். அன்றைக்கு நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும், அதே பொம்பளை அதே ஆளிடம் மறுபடியும் பணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று கண்ணால் பார்க்கட்டும். அவர்கள் பார்த்த பிறகுதான் போனை வெளியே எடுப்பேன்.

அமலராணி அக்காவிடம் மோர் கரைத்து வைக்கச் சொல்லுங்கள். கத்திக் கத்தி நம் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிடும்.

ராஜி